லேசர் செய்த கண்ணில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் முறை

கண்ணாடியைக் கழற்றுவதற்காகக் கண்ணில் லேசர் செய்தவர்கள் சொல்லும் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும்: மங்கல், உறுத்தல், விளக்கைச் சுற்றி வட்டம், கிட்ட வாசிக்க முடியாமை, சிவப்பு. குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஒரே மங்கல் மூன்றாம் மணித்தியாலத்தில் வந்தால் படுத்துத் தூங்க வேண்டியது, மூன்றாம் நாளில் வந்தால் உடனே ஓட்டோ பிடிக்க வேண்டியது, மூன்றாம் மாதத்தில் வந்தால் அநேகமாகச் சொட்டு மருந்தோடு தீர்வது. ஆகவே எந்தத் தொல்லைக்கும் முதலில் நாளை எண்ணுங்கள்.

அடுத்தது, உங்களுக்குச் செய்தது எது என்று வைத்தியர் தந்த சிகிச்சைத் துண்டைப் பாருங்கள். லேசிக் என்றால் கருவிழியில், அதாவது கண்ணின் முன்னாலுள்ள ஒளி ஊடுருவும் படையில் (பள்ளிப் புத்தகத்தில் விழிவெண்படலம்), 100 முதல் 120 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பில் ஒரு மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கி, திரும்ப மூடியிருப்பார்கள். பிஆர்கே என்றால் மடலே இல்லை. ஏறத்தாழ 50 மைக்ரோன் தடிப்புள்ள மேல்தோலை எடுத்துவிட்டுச் செதுக்குவார்கள். அது திரும்ப முளைக்கும்வரை ஒரு பாதுகாப்பு லென்ஸ் போட்டு அனுப்புவார்கள். ஸ்மைல் என்றால் உள்ளே ஒரு மெல்லிய வில்லைத் துண்டை வெட்டி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக இழுத்தெடுப்பார்கள். லேசிக் மடலின் வெட்டு ஓரம் சுமார் 20 மில்லிமீட்டர். எந்தக் கண் எவ்வளவு வறளும், எதில் மடல் நகரும் பயம் உண்டு என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனை

ஒன்று, ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பது. அமத்த வேண்டாம், உள்ளங்கையைக் குழிவாக வைத்து மறைத்தால் போதும். மங்கலோ இரட்டைப் பிம்பமோ எந்தக் கண்ணில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இரட்டைப் பிம்பம் மறைந்துவிட்டால், இரு கண்ணும் ஒரு நேராகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அது லேசர் செதுக்கிய இடத்துப் பிரச்சினை இல்லை, தனியாகக் காட்ட வேண்டும். ஒற்றைக் கண்ணிலேயே எழுத்துக்கு நிழல் விழுந்தால் கருவிழியின் மேற்பரப்பைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு, சொட்டுச் சோதனை. மங்கலான எழுத்தைப் பார்த்தபடி மூன்று தடவை நன்றாக இமையுங்கள். தெளிந்து, ஐந்தாறு செக்கன்களில் திரும்ப மங்கினால் கண்ணீர்ப் படை உடைகிறது. செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அதிலும் தெளிந்தால் வறட்சி உறுதி.

மூன்று, ஊசித்துளைச் சோதனை. பனடோல் பெட்டி அட்டையில் தையல் ஊசியால் குத்தி, துளையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரியுங்கள். ஓரம் பிசிறாக இருக்கக்கூடாது. அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து (கண்ணில் படக்கூடாது), மற்றக் கண்ணைப் பொத்தி, மூன்று மீட்டர் தூரத்தில் தொங்கும் நாட்காட்டியின் சின்ன எழுத்தைப் பாருங்கள். துளை வழியே கூராகத் தெரிந்தால் பவர் மிச்சம் இருக்கிறது, அல்லது மேற்பரப்பு ஒழுங்கில்லை. இரண்டும் சரிசெய்யக்கூடிய விஷயம். துளை வழியேயும் அதே மங்கல் என்றால் கோளாறு வேறிடத்தில்: கருவிழிக்குள் அழற்சி அல்லது புகைமூட்டம், கண்ணுக்குள் இருக்கும் வில்லையில் புரை, அல்லது விழித்திரை. அந்த மங்கலை வீட்டில் வைத்துக்கொண்டு ஆராய வேண்டாம்.

உடனே ஓட வேண்டியவை

முதல் நாள் குறைந்த வலி இரண்டாம், மூன்றாம் நாளில் ஏறுகிறது. கண் சிவந்து பீளை கட்டுகிறது. வெளிச்சமே பார்க்க முடியவில்லை. இது தொற்றாக இருக்கலாம். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

லேசிக் செய்தவர் கண்ணைக் கசக்கினார், அல்லது மடியிலிருந்த பிள்ளையின் விரல் பட்டது. அதன்பின் திடீரென வலி, கண்ணீர், மங்கல். மடல் நகர்ந்திருக்கலாம், மடிந்திருக்கலாம். அன்றைக்கே திருப்பி வைத்தால் பெரும்பாலும் தழும்பு விழாது. நாள் போகப் போக மடிப்பு நிலைத்துவிடும். மடலின் அடியில் மேல்தோல் புகுந்து வளரவும் தொடங்கும். வரும் வழியில் கண்ணைத் துடைக்கவோ கழுவவோ வேண்டாம். பிளாஸ்டிக் கண்மூடியை மட்டும் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

திடீரென்று பூச்சி பறப்பதுபோல நிறையப் புள்ளிகள், பக்கத்தில் மின்னல் வெட்டு, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல இருட்டு: இது விழித்திரை. லேசருக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு குறைவு. ஆனால் −8, −9 பவர் இருந்த கண், கண்ணாடி கழன்றபின்னும் நீண்ட கண்தான். சாதாரணக் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய மூன்று பவர் குறும்பார்வை. லேசர் முன்பக்கத்தைத்தான் தட்டையாக்குகிறது. பின்பக்கம் இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியே இருக்கிறது. ஆகவே கண்ணாடி போடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை பாப்பாவை (கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துவாரம்) விரிக்கும் சொட்டு விட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பது அவசியம்.

சிகிச்சை செய்த இடம் பூட்டியிருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கொழும்பு 10, டீன்ஸ் வீதியிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போகலாம். சிகிச்சைத் துண்டையும் பாவிக்கும் சொட்டு மருந்துப் போத்தல்களையும் கையோடு கொண்டுபோங்கள். “வெள்ளை மூடி போட்டது, நாலு தரம்” என்று சொன்னால் யாருக்கும் விளங்காது.

இன்னொன்று, நோயாளிக்குத் தெரியாமலே வருவது. லேசிக் செய்து ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் மடலின் அடியில் வெண்மணல் தூவியதுபோல ஓர் அழற்சி பரவலாம். தொடக்கத்தில் வலி அதிகமிராது, கொஞ்சம் புகைமூட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். நுண்காட்டி விளக்கில் பார்த்தால்தான் பிடிபடும். “நன்றாகத் தெரிகிறதே, ஏன் வீணாக வெள்ளவத்தையிலிருந்து அலைய வேண்டும்” என்று அடுத்த நாள் பரிசோதனையைத் தவிர்ப்பது இதனால்தான் முட்டாள்தனம்.

“மணல் விழுந்ததுபோல எரிகிறது, கண்ணீர் கொட்டுகிறது”

லேசிக், ஸ்மைல் செய்து முதல் 4 முதல் 6 மணித்தியாலம் இது இயல்பு. சொன்ன மருந்தை விட்டு, கண்மூடியை ஒட்டி, இரண்டு மூன்று மணித்தியாலம் தூங்கி எழும்பினால் பெரும்பகுதி போய்விடும். மரத்துப்போகும் சொட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் விடாதீர்கள். வலி தெரியாது, தோலும் ஆறாது.

பிஆர்கே கண்ணுக்கு மூன்று நாள் வலி எழுதிவைத்தது. இரண்டாம் நாள்தான் உச்சம். மேல்தோல் நான்கைந்து நாளில் மூடியதும் பாதுகாப்பு லென்ஸை டொக்டர் எடுத்துவிடுவார். இடையில் அது தானாகக் கழன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டால் கழுவித் திரும்பப் போடாதீர்கள். எறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு போன் பண்ணுங்கள்.

தாய்ப்பால் விடுவது, கொத்தமல்லித் தண்ணீரால் கழுவுவது, பன்னீர் விடுவது எல்லாம் வீட்டுப் பெரியவர்களின் அன்பு. ஆனால் மேல்தோல் திறந்திருக்கும் கண்ணுக்குக் கிருமி போக அது நேர்வழி. அம்மம்மாவிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

“காலையில் பளிச், பின்னேரம் மங்கல்”

லேசர் செய்தவர்களின் தலையாய தொல்லை இதுதான். சொட்டுச் சோதனையில் பிடிபடும்.

காரணம் நரம்பு. கருவிழி உடலிலேயே நரம்பு மிக நெருக்கமாக ஓடும் இடங்களில் ஒன்று. “மேற்பரப்பு காய்கிறது, கண்ணீர் அனுப்பு, இமையை மூடு” என்று செய்தி அனுப்புவது அந்த நரம்புகள். மடல் வெட்டும்போது அவையும் அறுபடும். திரும்ப வளர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். அதுவரை கண் காய்வது கண்ணுக்கே தெரியாது. நீங்கள் உணர்வது மங்கலை மட்டும். ஸ்மைலில் வெட்டு சிறியது என்பதால் வறட்சி பொதுவாகக் குறைவு.

கொழும்பில் இதை மோசமாக்குவது வெளிக்காற்று அல்ல. வெளியே ஈரப்பதன் நிறையவே இருக்கிறது. அலுவலக ஏசியும் படுக்கைக்கு நேர்மேலே சுற்றும் மின்விசிறியும்தான் எதிரி. ஏசியின் காற்று முகத்தில் நேரே படுகிறதா என்று அறிய, முகத்துக்கு முன் ஒரு டிசூத் துண்டைத் தொங்கவிடுங்கள். அது ஆடினால் கதிரையை நகர்த்துங்கள். கொம்பியூட்டர் திரையின் மேல் ஓரம் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். கீழே பார்க்கும்போது இமை பாதி இறங்கி, காயும் பரப்புக் குறைகிறது. சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 15 தடவை அளவில் இமைப்பவர், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைத்தாலும் முழுதாக மூடுவதில்லை.

காலையில் எழும்பும்போதே உறுத்துகிறதா? இரவில் இமை முழுதாக மூடாமல் தூங்குபவர்கள் உண்டு. வீட்டில் ஒருவரிடம் நீங்கள் தூங்கியபின் டோர்ச் அடிக்காமல், மங்கலான வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இமைக்கிடையே வெள்ளைக் கோடு தெரிந்தால் படுக்கும்போது ஜெல் வகை மருந்து வேண்டும், மின்விசிறியைக் கால்பக்கம் திருப்ப வேண்டும். கோட்டையிலிருந்து பாணந்துறை ரயிலில் கதவோரம் நின்று கடல்காற்று வாங்குவது, ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடுவது இரண்டையும் முதல் மூன்று மாதம் மறந்துவிடுங்கள்.

சொட்டு விடுவதில் நடக்கும் பிழைகள்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலீட்டர். கண் தாங்குவதோ அதிகபட்சம் 30. ஆகவே இரண்டு சொட்டு விட்டால் ஒன்று கன்னத்துக்குத்தான். கீழ் இமையை மெதுவாக இழுத்து, போத்தல் நுனி படாமல் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் மெல்ல அமத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. முந்தினால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் விடுபவர்கள் பாதுகாப்பான் சேர்க்காத ஒற்றைக் குப்பிகளை வாங்குவது நல்லது. சாதாரணப் போத்தலிலுள்ள பென்சல்கோனியம் குளோரைட்டு என்ற பாதுகாப்பான், அடிக்கடி விட்டால் மேல்தோலையே அரிக்கும். திறந்த போத்தலில் திகதியை எழுதி, 28 நாளில் எறியுங்கள்.

சிவப்பை வெளுக்கவைக்கும் சொட்டு வேண்டாம். அதைவிட வேண்டாதது, முடிந்த ஸ்டீரொய்ட் சொட்டைப் பழைய துண்டைக் காட்டித் திரும்ப வாங்குவது. கண் சுகமாக இருக்கும், கண்ணுக்குள் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பிஆர்கேக்கு இந்த மருந்தை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள் என்பதால் இடையிடையே அழுத்தம் அளக்க வேண்டும். லேசர் செய்த கருவிழி மெலிந்திருப்பதால் அளவி காட்டும் இலக்கம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். புதிய இடத்தில் காட்டும்போது லேசர் செய்ததை முதலிலேயே சொல்லுங்கள்.

“இரவில் விளக்கைச் சுற்றி வட்டம், முள் முள்ளாக ஒளி”

மழை பெய்த இரவில் காலி வீதியில் எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட்தான் இதற்குக் கடுமையான பரீட்சை. லேசர் செதுக்கிய வட்டம் வழக்கமாக 6 முதல் 6.5 மில்லிமீட்டர். இளவயதுப் பாப்பா இருட்டில் அதைவிட விரியலாம். அப்போது செதுக்காத ஓரத்தின் வழியாகவும் ஒளி புகுந்து பிசிறுகிறது.

சோதிக்க: இருட்டறையில் தூரத்திலுள்ள ஒரு சின்ன விளக்கை ஒரு கண்ணால் பாருங்கள். இன்னொருவர் உங்கள் மற்றக் கண்ணுக்குப் பக்கவாட்டிலிருந்து போன் டோர்ச்சைக் காட்டட்டும். ஒரு கண்ணில் ஒளி பட்டால் இரண்டு பாப்பாவும் சுருங்கும். வட்டமும் கூடச் சுருங்கினால் காரணம் பாப்பாவின் விரிவு. மாறாமல் இருந்தால் வறட்சி, மிச்சமான சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரேயளவு வளையாததால் வருவது), அல்லது பிஆர்கேயின் புகைமூட்டம் என்று வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் வட்டம் பலருக்கு இருக்கும், பின் மங்கிவிடும். அதுவரை இரவு ஓட்டத்தைக் குறைத்து, காருக்குள் சின்ன விளக்கொன்றை எரியவிட்டால் கொஞ்சம் உதவும். காற்றுத்தடுப்புக் கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்தீர்களா? அந்த எண்ணெய்ப் படலம் போடும் வட்டத்துக்கும் கண்ணையே திட்டுகிறோம்.

பிஆர்கே கண் வெயிலில் புகைமூட்டம் கட்டும் என்பதால் புறஊதாக் கதிரைத் தடுக்கும், யூவீ 400 என்று குறித்த கறுப்புக் கண்ணாடி வேண்டும். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் அந்தத் தடுப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. அதன் இருட்டில் பாப்பா விரிந்து கதிர் இன்னும் அதிகமாகவே உள்ளே போகலாம்.

“100 வருகிறதா, 101 வருகிறதா என்று தெரியவில்லை”

தூரத்துப் பஸ் இலக்கம் மங்குகிறது, ஊசித்துளையில் தெளிகிறது, சொட்டு விட்டும் மாறவில்லை என்றால் பவர் மிச்சம் அல்லது திரும்ப ஏறியது. லேசிக்கில் அடுத்த நாளே தெளிவு வரும். ஸ்மைலில் சில நாள், பிஆர்கேயில் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். ஆகவே பிஆர்கே செய்து பத்தாம் நாள் “பிழைத்துவிட்டது” என்று அழக்கூடாது.

திரும்பச் செதுக்கலாமா என்பதைத் தீர்மானிப்பது கருவிழியின் தடிப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்து, இரண்டு தடவை பவரை அளந்து ஒரே இலக்கம் வர வேண்டும். பிறகு கணக்கு: 6.5 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரோன் போகும். தொடக்கத் தடிப்பு 540, மடல் 110, பவர் −6 என்றால் செதுக்கியது 84. அடியில் மிச்சம் 346. தாராளம். தொடக்கம் 490, பவர் −8 என்றால் 490 − 110 − 112, மிச்சம் 268. குறைந்தபட்ச வரம்பாக 250 மைக்ரோனையும், கவனமானவர்கள் 300ஐயும் வைக்கிறார்கள். மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, இங்கே 45. இந்தக் கண்ணில் முதல் தடவையே யோசித்திருக்க வேண்டும், இரண்டாம் தடவைக்குக் கேட்கவே கூடாது.

ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்துச் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனால் கருவிழி மெலிந்து முன்னே பிதுங்குகிறதா என்று வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் ரைபோஃபிளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்டு இறுக்கி நிறுத்தலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்தும்.

“தூரம் நன்றாகத் தெரிகிறது, போன்தான் வாசிக்க முடியவில்லை”

வயது 40க்கு மேலா? அது வெள்ளெழுத்து. லேசர் பிழைக்கவில்லை. உள்ளே இருக்கும் வில்லை இறுகிவிட்டது. லேசர் தொட்டதோ வெளிப்படையை. −3 பவர் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால் 33 சென்ரிமீட்டரில் இயல்பாகவே கூராகத் தெரியும். ஐம்பது வயதிலும் ஊசியில் நூல் கோர்த்தது அந்தச் சலுகையால். லேசர் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. +1.00 அல்லது +1.50 வாசிப்புக் கண்ணாடிதான் தீர்வு. இன்னும் செய்யாதவர்கள், ஒரு கண்ணைக் கிட்டத்துக்கு விடும் முறை ஒத்துவருமா என்று முதலில் கொன்டாக்ட் லென்ஸ் போட்டு ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள்.

வயது 25தான் என்றால், முதல் சில வாரம் சற்றுக் கூடுதலாகத் திருத்தப்பட்டிருக்கலாம். தானாக இறங்கும்.

வெள்ளை விழியில் இரத்தச் சிவப்பு, சிகிச்சையின்போது கண் இருண்டது, கருகிய மணம்

இரத்தத் திட்டு, சிகிச்சையின்போது கண் அசையாமல் உறிஞ்சிப் பிடிக்கும் வளையத்தின் அடையாளம். வலியும் மங்கலும் இல்லாவிட்டால் மருந்தே வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும். சில செக்கன் கண் இருண்டதும் அதே வளையத்தால்தான். அழுத்தம் ஏறி, விழித்திரைக்குப் போகும் இரத்தம் தற்காலிகமாகத் தடைப்படுகிறது.

மணம் வந்தாலும் கண் கருகவில்லை. லேசிக்கிலும் பிஆர்கேயிலும் செதுக்கும் 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர் கதிர் சுடாமல் மூலக்கூற்றுப் பிணைப்புகளை உடைத்து ஆவியாக்கும். இதைக் கண்டவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசுவாமி ஸ்ரீநிவாசன். 1981 நவம்பரில், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுகூடத்துக்கு விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியைக் கொண்டுபோய் இந்தக் கதிரைப் பாய்ச்சினார். வெட்டின் ஓரம் கொஞ்சமும் கருகவில்லை.

முழுக்கு, கோயில், கடல்

முதல் ஒரு வாரம் தலை முழுகும்போது பின்னால் சாய்ந்து இன்னொருவர் கையால். திருநீற்றைக் குழைத்துப் பூசினால் தூளாகக் கண்ணில் உதிராது. சாம்பிராணிப் புகையும் மிளகாய் தாளிக்கும் நெடியும் ஒரு வாரம் தள்ளி நிற்கட்டும். மை, கண் அலங்காரம் இரண்டு வாரம். கல்கிசைக் கடலும் நீச்சல் தடாகமும் ஒரு மாதம். இரவில் கண்மூடி ஒரு வாரம், குப்புறப் படுப்பவர்களுக்கு இரண்டு.

“இருபது வருடம் கழித்துப் புரை வெட்டினேன், பவர் பிழைத்தது”

புரை வெட்டி வைக்கும் செயற்கை வில்லையின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துக் கணிப்பார்கள். லேசர் அந்த வளைவை மாற்றிவிட்டதால் வழமையான சூத்திரம் ஏமாறும். குறும்பார்வைக்கு லேசர் செய்தவருக்கு அது தேவைக்குக் குறைந்த பவர் வில்லையைக் காட்டும், அவர் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மங்கலோடு எழும்புவார். வேறு சூத்திரங்கள் இருக்கின்றன. பழைய இலக்கங்கள் கையிலிருந்தால் வைத்தியருக்கு வேலை இன்னும் சுலபம். செய்த திகதி, முறை, முன்னைய பவர், முன்னைய வளைவு, முன்னைய தடிப்பு, மடல் தடிப்பு, செதுக்கிய ஆழம், மூன்றாம் மாதப் பவர்: எட்டு விபரத்தையும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி, படம் எடுத்துப் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் துண்டுகள் இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். அவற்றைப் போட்டோகொப்பி எடுத்து, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோப்பிலேயே போட்டுவையுங்கள்.